ஒத்தத் தோடு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுறது.

இஞ்ச எல்லாரும் சுகம். நீயும் சுகம் எண்டுதான் போன ஞாயிறும் சொன்னாய், அதுக்கு முந்தின ஞாயிறும் சொன்னாய். ரெண்டு தரமும் அதே சொல்லு, அதே குரல். பாடமாக்கி ஒப்பிச்ச மாதிரி இருந்திச்சு.

சின்னமாமாட மகன் திங்கள் இரவு பஸ்ஸில கொழும்புக்கு வாறானாம். அவனிட்ட ஒரு பார்சல் குடுத்து விடுறன். காய்ச்சின தேங்காயெண்ணெய் ஒரு போத்தல், வறுத்த அரிசிமா, கசுக்கொட்டை, கொஞ்சம் கருவாடு. கடிதத்தையும் அதுக்குள்ளதான் வைக்கிறன். போன்ல கதைக்கலாம்தான். நான் ஒண்டு கேக்கத் தொடங்கினா நீ "அம்மா, டியூட்டிக்கு நேரமாகிட்டு" எண்டு வச்சிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில உன்ட இடது காதில தோட்டைக் காணல்ல. முடியையும் அந்தப் பக்கம் முன்னால இழுத்து விட்டிருந்தாய். நீ எப்ப கா முடியை அப்பிடி விட்ட? பள்ளிக்கூடம் போகக்குள்ளயே இறுக்கிப் பின்னச் சொல்லி அழுறவள். நீ பெரியபிள்ளையான நேரம் அம்மம்மா போட்ட தோடு அது. தங்கம் விக்கிற விலையில துலைச்சுப்போட்டியே எண்டு பேச நான் வரல்ல. கேக்கிறன், அவ்வளவுதான்.

கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கு முடிஞ்சுது. உன்ட பேரிலயும் பொங்கல் வச்சன். இந்த முறை சனம் கூட. வயலுக்குத் தண்ணி திறந்திட்டாங்க, சிறுபோகம் பரவாயில்ல போல. யானை வந்து பின்வேலியை முறிச்சுப்போட்டுப் போயிருக்கு, தென்னம்பிள்ளை ரெண்டு போச்சு. அந்தக் கதையெல்லாம் பிறகு. தோடு கழண்டு விழுந்ததா, நீ கழட்டி வச்சியா?

நீ ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன புதிசில போன் எடுத்தா விடமாட்டாய். பதுளை ஆச்சி இண்டைக்குச் சோறு சாப்பிட்டவ, புத்தளத்து ஐயா கள்ளமா பீடி குடிச்சுப் பிடிபட்டவர் எண்டு அந்த வார்ட்டே எனக்கு நம்மட ஊர் மாதிரி. நான் கண்ணால காணாத ஆக்களுக்கெல்லாம் மாமாங்கக் கோயில்ல நேத்தி வச்சிருக்கன். இப்ப நீ சொல்றது "பதினாலாம் கட்டில் முடிஞ்சுது", "எட்டாம் கட்டில் ஒரே கரைச்சல்". போன மாசம் நான் அந்தப் பதினாலு ஆம்புளையா பொம்புளையா எண்டு கேட்டதுக்கு உனக்கு உடனே சொல்ல வரல்ல. யோசிச்சுத்தான் சொன்னாய். அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்ல.

ஒழுங்கை முடக்கில இருக்கிற கவுன்சிலிங் டீச்சரிட்டக் கேட்டன். உன்ட பேர் சொல்லல்ல, ஆருக்கோ எண்டுதான் கேட்டன். அவ சொன்னா, உலக சுகாதார நிறுவனம் 2019இல இதைப் பற்றி 'பேர்ன்அவுட்' எண்டு எழுதி வச்சிருக்காம். வேலைப்பாரம் ஆறாமக் கிடந்து கிடந்து வாறதாம். சத்தே இல்லாத களைப்பு, செய்யிற வேலையில இருந்து மனசு தூரப் போறது, நான் செய்து என்ன ஆகப்போகுது எண்ட நினைப்பு, மூண்டும் சேந்து வருமாம். ஆனா அதை நோய் எண்டு அவங்க எழுதல்லயாம், வேலையால வாற நிலை எண்டுதானாம். அவங்க என்ன பேரும் வைக்கட்டும். லீவில வந்த பிள்ளை ரெண்டு நாளும் எழும்பாமக் கிடந்ததைப் பாத்தது நான். சாப்பிட எழுப்பக்குள்ள கண்ணைத் திறக்காமலே "எந்தக் கட்டில்?" எண்டு கேட்டாய்.

சாப்பிடு மனே. இரவு 7 மணிக்கு ஏறினா விடிய 7 மணி மட்டும் நிக்கிற. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் சாப்பாடில்ல. கிழமைக்கு ஒருக்காவாவது எண்ணெய் வச்சு முழுகு. ஓவர்டைம் காசு எனக்கு வேணாம், வீட்டுக்கு ஓடு போட்டது காணும். நேரத்துக்குச் சாப்பிடு.

இனி உன்னட்ட ஒளிக்க ஏலாது. என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும். உன்னோட அங்க நிக்கிற களுவாஞ்சிக்குடிப் பிள்ளை தாய்க்குச் சொல்ல, தாய் சந்தையில வச்சு என்னட்டச் சொல்லிட்டா. அவளோட கோவிக்காத. மருந்தை வெளியில வாங்கிட்டு வாங்க எண்டு சொன்னதுக்குத்தானாம் அந்த நோயாளிட மகன் உனக்குக் கை நீட்டினது. 2022இல டொலர் இல்லாம, மருந்து இல்லாமக் கிடந்த நேரமும் இந்தக் கதைதான். உன்னோட படிச்சவளுகள் எத்தினை பேர் வெளிநாட்டுக்கு ஏறிட்டாளுகள். இல்லாத மருந்துக்கும் ஆள் காணாத வார்ட்டுக்கும் பதில் சொல்ல முன்னால நிக்கிறது தாதி மிஸ்தானே. மந்திரிட கன்னம் ஆருக்கு எட்டும்?

எழுதிக் குடுத்தியா? வார்ட் சிஸ்டரிட்ட வாயால சொன்னது காணாது. எழுதிக் குடு, கொப்பி ஒண்டு உன்னட்ட வச்சிரு. கடமையில நிக்கிற அரசாங்க உத்தியோகத்தருக்குக் கை வைக்கிறது குற்றம். நீ என்னடா எண்டா "பாவம், அந்த ஆளுக்குத் தாய் கிடக்கிற கவலை" எண்டு அவனுக்காகக் கதைச்சியாம். அப்பிடி ஒரு பிள்ளையைப் பெத்ததுக்குச் சந்தோசப்படுறதா, தலையில அடிச்சிக்கொள்றதா எண்டு தெரியல்ல.

களுவாஞ்சிக்குடித் தாய் சந்தைக்குள்ள நிண்டு "அடிச்சவன்ட கை அழுகிப்போகும்" எண்டு சாபம் போட்டா. நானும் ஓம் எண்டு சொல்ல வாயைத் திறந்தன். சத்தம் வரல்ல. அதை உனக்குச் சொல்லணும். இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல சொல்லாம வச்சிருக்கன்.

அப்பாவைப் புடையன் பாம்பு கடிச்சது 1998 மாசி, வேளாண்மை வெட்டு. உனக்கு நாலு வயசு. மண்முனையில வாவிக்குப் பாலம் 2014இலதானே வந்தது. அப்ப துறையில பாதை எண்ட மிதவைப் படகில ஏறித்தான் அங்கால போகணும், இருட்டினா பாதை ஓடாது. அதாலதான் அப்பா இல்லாமப் போனார் எண்டு உனக்குச் சொல்லி வளத்தன். ஊருக்கும் அதைத்தான் சொன்னன். கடிச்சது பகல் ரெண்டு மணிக்கு. பாதை ஓடிக்கொண்டுதான் இருந்திச்சு. பெரியப்பா உழவு மெசினைக் கொண்டு வந்து படலையில நிப்பாட்டினார். நான்தான் விடல்ல. விசகடிப் பரியாரியிட்டக் கொண்டு போங்க, விசக்கல்லு வச்சாச் சரியாகும் எண்டு கத்தினன். கல்லு ஒட்டிச்சு. எல்லாரும் ஆறுதலா மூச்சு விட்டம். பல் முரசால ரத்தம் வரக்குள்ளதான் ஆஸ்பத்திரி எண்ட நினைப்பு வந்திச்சு. அப்ப இருட்டிட்டு. விடியத்தான் போய்ச் சேந்தம்.

அங்க ஒரு மிஸ். உன்னைப் போல மெல்லிசு. அப்பாட ரத்தத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில விட்டு, மேசையில வச்சிட்டு, மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டா. இருபது நிமிசம். மனிசன் கிடந்து துடிக்க இவ மணிக்கூடு பாக்கிறா எண்டுதான் எனக்குப் பட்டது. பிறகுதான் மருந்து ஏத்தினாங்க. சலம் போறது நிண்டு, நாலாம் நாள் அப்பா போயிட்டார். நான் வெளிய ஓடிவந்து, முத்தத்து மண்ணை அள்ளி அவட முகத்தில எறிஞ்சன். உன்ட வயித்தில புழு பூச்சி தங்குமா எண்டு கேட்டன். தொப்பியைப் பிடிச்சு இழுத்தன், முடியோட வந்திச்சு. அவ ஒண்டும் பேசல்ல. கண்ணுக்குள்ள மண். இன்னொரு மிஸ் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா.

நீ தாதியர் கல்லூரியில படிக்கக்குள்ள ஒரு லீவில அடுப்படியில இருந்து சொன்னாய், ஞாபகம் இருக்கா? பாம்புக்கடிக்கு ரத்தத்தைக் குழாயில இருபது நிமிசம் அசைக்காம வச்சுப் பாக்கிற, உறையாட்டி நஞ்சு ரத்தத்தில ஏறிட்டு எண்டு அர்த்தம், அந்த மருந்தே சில பேருக்கு ஒத்துக்காம ஆளைக் கொண்டு போயிடும், பாக்காம ஏத்தேலாது எண்டு. நான் எழும்பிக் கிணத்தடிக்குப் போனன். அடுப்பில கறி கருகிச்சு. கறியைக் கருக விட்டதுக்கு நீ என்னைப் பேசினாய்.

கண்ணகையும் புருசனைப் பறிகுடுத்தவதான். அவ போய்க் கேட்டது அரசனிட்ட. நான் கேட்டது சம்பளத்துக்கு நிண்ட ஒரு பொடிச்சியிட்ட. கேள்வி என்னட்டத்தான் கேட்டிருக்கணும்.

2011இல பிரசர் கிளினிக்கில அவவைத் திரும்பக் கண்டன். கையைப் பிடிச்சு, "அம்மா, உப்பைக் குறைங்க" எண்டா. அடையாளம் தெரியல்லயோ, தெரிஞ்சும் காட்டல்லயோ. ஓம் மிஸ் எண்டு சொல்லிட்டு வந்தன். அதுக்குப் பிறகு நான் அந்தக் கிளினிக் வாசல் மிதிக்கல்ல. குளிசை எடுக்கப் போறல்ல எண்டு நீ ஒவ்வொரு முறையும் ஏசுறது அதுக்குத்தான்.

நான் எறிஞ்ச மண் சுத்தி வந்து உன்ட காதில விழுந்திச்சோ எண்டு ராவில நினைப்பு வருது. டீச்சரிட்டச் சொன்னாச் சிரிப்பா. நீயும் சிரிப்பாய்.

இதைச் சொல்றது அவனை விடு எண்டு இல்ல. நீ எழுதிக் குடு. என்னை ஆரும் எழுதிக் குடுக்கல்ல, அதாலதான் நான் இவ்வளவு காலமும் ஊருக்குள்ள நல்ல மனிசி. விசிட்டர்மார் வாற நேரம் வார்ட்டில தனிய நிக்காத. 1926 எண்ட நம்பரை மற்றவங்களுக்கெல்லாம் சொல்லுவாய், தேசிய மனநல நிறுவனத்தின்ட. நீயும் ஒருக்கா எடு. எழுதிக் குடுத்திட்டு லீவு கேள். வந்தா நான் எழுப்பமாட்டன்.

மற்றத் தோட்டை மாமாட மகனிட்டக் குடுத்து விடு. பத்தரிட்டக் காட்டி அதைப் போலவே ஒண்டு செய்விக்கலாம். காது கிழிஞ்சிருந்தாத் தோட்டை அனுப்பாத. நான் வாறன்.

அம்மா

எண்ணெய்ப் போத்தல் மூடி இறுக்கமில்ல. நிமித்தி வை.