எண்ணூர் ஆற்று மீன் எங்கே என்று கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "ஆத்து மடவை வரலையா, அந்த இறால் ருசியே தனியாச்சே, ஏன் நிறுத்திட்டீங்க?" பின்னால் நாலு பேர் காத்திருக்க, கையில் கத்தியோடு நின்றுகொண்டு விளக்கம் சொல்ல முடியாது. "வரத்து இல்லைக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

எண்ணூர் மீன் என்றால் இரண்டு வகை. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் வலை போட்டுப் பிடித்து வருவது ஒன்று. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து சேரும் உப்பங்கழிக்குள்ளேயே பிடிப்பது இன்னொன்று. நாங்கள் நிறுத்தியது இரண்டாவதை மட்டும். எண்ணூர் மீனவக் குப்பத்து ஆட்கள் கடலில் பிடித்து வரும் சங்கராவும் நெத்திலியும் இன்றைக்கும் நம் கடையில் இருக்கிறது. எண்ணூர் என்ற பேரைக் கேட்டாலே முகம் சுளித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அவர்களுக்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கழிமுகத்துக்குள் என்ன பிரச்சினை என்றால், மணலித் தொழிற்சாலைப் பகுதியின் கழிவுநீர் ஒரு பக்கம், அனல்மின் நிலையங்களின் சாம்பல் இன்னொரு பக்கம். நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பல்தான். எரித்தபின் மிஞ்சும் அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கிக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றையும் சதுப்பையும் தாண்டித்தான் போகின்றன, உடைந்து ஒழுகிய இடங்களிலெல்லாம் சாம்பல் ஆற்றில் இறங்கிவிட்டது. ஆள் ஆழம் இருந்த இடத்தில் இப்போது முழங்கால் அளவுதான் என்று அங்கே தொழில் செய்கிறவர்கள் சொல்வார்கள். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2022-இல் தீர்ப்பும் வந்தது.

சரி, சாம்பல்தானே, பாத்திரம் தேய்க்கிற சமாசாரம்தானே என்று கேட்கலாம். விறகுச் சாம்பல் வேறு, நிலக்கரிச் சாம்பல் வேறு. இதில் ஆர்செனிக், செலினியம், ஈயம், காட்மியம், குரோமியம், கொஞ்சம் பாதரசம் எல்லாம் உண்டு. இவை உலோகங்களும் உலோகம் மாதிரியானவையும், இலை தழைபோல மக்கிப் போகாது. அதிலும் ஆறு கடலைத் தொடும் இடத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. நல்ல தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய களிமண்ணும் துகளும் உப்புத் தண்ணீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும், அவற்றில் ஒட்டிக்கொண்டு வந்த உலோகமும் கூடவே உட்காரும். அதனால் ஆறு வழிநெடுகச் சுமந்து வந்தது கடலுக்குப் போகாமல் வாசலிலேயே தங்கிவிடுகிறது. அப்புறம் தூர் வாரினாலோ வெள்ளம் புரட்டிப் போட்டாலோ சேற்றுக்குள் அடங்கிக் கிடந்தது மறுபடி தண்ணீருக்கு வரும். காட்மியம் இன்னும் வினோதம், உப்பில் இருக்கும் குளோரைடு கிடைத்தால் மண்ணை விட்டுவிட்டு அதோடு சேர்ந்துகொண்டு கரைந்துவிடும்.

இதில் மாட்டிக்கொள்வது முதலில் மீன்தான், நாம் அப்புறம்தான். மீன் செத்து மிதந்தால்தான் விஷம் என்று நினைக்கிறோம், உலோகம் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. உப்பங்கழி மீனுக்கு மற்ற மீன்களைவிட ஒரு வேலை அதிகம். ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் வரும், வற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் வரும், ஒரே நாளில் இரண்டையும் சமாளிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் உடம்பில் ஏறும் உப்பை வெளியே தள்ளுவதும், நல்ல தண்ணீரில் கரைந்து போகும் உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்வதும் செவுளில் இருக்கும் செல்களின் வேலை. செம்பு அதிகமானால் சோடியத்தை உள்ளே இழுக்கும் அந்த ஏற்பாடே கெட்டுப்போகிறது. காட்மியமோ கால்சியம் நுழைகிற வாசலில் தானும் நுழைந்து கால்சியத்தைத் தடுத்துவிடுகிறது. உப்பு குறையக் குறைய அதே அளவு உலோகம் இன்னும் கடுமையாகத் தாக்கும். கடலில் ஒன்றும் செய்யாத அளவு, ஆற்றுத் தண்ணீர் ஏறிய உப்பங்கழியில் மீனைப் படுத்திவிடும்.

உள்ளே போன உலோகத்தை மீன் சும்மா விடுவதில்லை. ஈரலில் மெட்டலோதயோனின் என்ற ஒரு புரதத்தைச் சுரந்து, காட்மியம், செம்பு, துத்தநாகத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இலவசம் இல்லை. தின்ற இரை அந்த வேலைக்குச் செலவானால் வளர்ச்சிக்கும் சினைக்கும் மிஞ்சுவது குறையும்.

எனக்கு இதில் ரொம்ப உறைத்தது மூக்கு சமாசாரம். தண்ணீரில் கரைந்த செம்பு, ஒரு லிட்டரில் மைக்ரோகிராம் கணக்கில் இருந்தாலே, சால்மன் குஞ்சுகளின் மோப்ப சக்தி மங்கிவிடுவதை ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். மீனுக்கு மோப்பம்தான் இரை தேட, பெரிய மீன் வருவதை உணர்ந்து பதுங்க. மோப்பம் போன குஞ்சு பார்க்க நல்லாத்தான் நீந்தும், பக்கத்தில் கொடுவா வந்தால் தெரியாது, அவ்வளவுதான். இப்படிப் போன குஞ்சு எந்தக் கணக்கிலும் வராது, கரையில் ஒதுங்குவதற்கு உடல்கூட மிஞ்சாதே.

மடவையும் இறாலும் முட்டை இடுவது கடலில், குஞ்சாக இருக்கும்போது வளர வருவது கழிமுகத்துக்கு. அந்தத் தொட்டில் கெட்டுப்போனால் கடலிலும் வலை காலியாகும். "வரத்து இல்லை" என்று நான் சொன்னதன் முழு அர்த்தம் அதுதான். எங்களுக்கு மீன் கொடுக்கும் அண்ணன் ஒருவரின் அம்மா, அதே ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவியே கூடை நிறைய இறால் பிடித்தவர். இப்போது அந்த இடத்தில் கையை விட்டால் சாம்பல்தான் வருகிறது, அரிக்கிறது என்கிறார்.

சாம்பலால் மீன் இனமே போகுமா என்று நம்பாதவர்களுக்கு, அமெரிக்காவில் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி என்று ஒன்று இருக்கிறது. ஏரிதான், கழிமுகம் இல்லை, ஆனால் கதை சாம்பல் கதை. 1970-களின் நடுவில் ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைத் தண்ணீர் அதில் கலந்தது. சில வருஷத்துக்குள் அங்கிருந்த 20 வகை மீன்களில் 19 வகை இல்லாமல் போயின. காரணம் செலினியம். தாய் மீன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, செலினியம் சினைக்குள் போய்ச் சேர்ந்து, முதுகெலும்பு வளைந்த குஞ்சுகளாகப் பொரிந்தன. எண்ணூர் அதே கதி என்று நான் சொல்லவில்லை, இங்கே கடல் இரண்டு வேளையும் வந்து கழுவிவிட்டுப் போகிறது. ஆனால் தாய் மீன் கொழுகொழுவென்று இருக்கிறதே என்பதை இனிமேல் சான்றிதழாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இனி நம் சட்டிக்கு வருவோம். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, அமுக்கினால் குழி விழுகிறதா என்று பார்த்து வாங்குகிறீர்கள். சரியான பழக்கம், ஆனால் அது எப்போது பிடித்த மீன் என்று மட்டும்தான் சொல்லும். உலோகத்துக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மஞ்சளும் கல்லுப்பும் போட்டுக் கழுவினால் போகாது, புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது, அது கிருமி இல்லையே சாக. ஆறுதலான விஷயம், ஈயமும் காட்மியமும் ஈரல், சிறுநீரகம், செவுள், எலும்பு என்று தங்குவதுதான் அதிகம், சதையில் குறைவு. பாதரசம் விதிவிலக்கு, சேற்றில் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிட்டால் நேரே சதைக்குப் போகும், சின்ன மீனைத் தின்ற பெரிய மீனில் ஏறிக்கொண்டே போகும். பிள்ளை பெற்றவர்களுக்குச் சுறாப்புட்டு கேட்டு வருகிறவர்களுக்குப் பெரிய சுறா வெட்டாமல் சின்னப் பால் சுறாவைக் கொடுப்பது அதனால்தான், விலைக்காக இல்லை.

வாட்ஸ்அப்பில் வருவதை வைத்துப் பயப்படவும் வேண்டாம். இறாலில் செம்பு இருக்கிறதாம் என்று ஒருவர் போனில் சண்டைக்கே வந்தார். இறால், நண்டின் ரத்தமே செம்பை வைத்துத்தான் ஓடுகிறது, நமக்கு இரும்பு மாதிரி. கடல் மீனில் ஆர்செனிக் எண் பெரிதாக வந்தாலும் அதில் பெரும்பங்கு ஆர்செனோபீட்டைன் என்ற தீங்கில்லாத வடிவம்தான். எந்த உலோகம், எந்த வடிவம், மீனின் எந்தப் பாகம், இது மூன்றும் இல்லாத எண் வெறும் எண்.

அப்படியென்றால் சோதித்து விற்கலாமே என்று ஒரு சார் கேட்டார். ஈயத்துக்கு உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பு மீனில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். அவ்வளவு சிறிய அளவைப் பார்க்கும் கருவி பெரிய லேபில்தான் இருக்கும், கட்டணம் மாதிரிக்கு இவ்வளவு, உலோகத்துக்கு இவ்வளவு என்று போகும். முடிவு வருவதற்குள் மீன் கருவாடாகிவிடும். அதுவும் அந்த ஒரு மீனுக்குத்தான் பொருந்தும், பக்கத்துக் கூடை மீன் எங்கே மேய்ந்ததோ. மடவை சேற்றையே விழுங்கி அதிலிருந்து இரை எடுக்கும் மீன், மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்று குடலோடு நம் தட்டுக்கு வருவது. அதனால் இந்த இரண்டையும்தான் முதலில் நிறுத்தினோம், பிறகு அங்கத்திய நண்டும் இறாலும்.

கடையில் இனி இப்படித்தான். ஒவ்வொரு மீனுக்கும் பக்கத்தில் எந்த இறங்குதளம், கடலா கழியா வளர்ப்பா என்று பலகையில் எழுதியிருக்கும். எங்கத்திய மீனாக இருந்தாலும் ஈரல், குடல், செவுள் எடுத்துத்தான் கொடுப்போம், தலை கேட்பவர்களுக்குச் செவுள் நீக்கிய தலை. நண்டு ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புக் கூழை வழித்துத் தின்பது சிலருக்கு உயிர் என்று தெரியும், ஆனால் காட்மியம் சேர்கிற இடம் அதுதான், குழந்தைகளுக்கு மட்டுமாவது கால் சதையை எடுத்துக் கொடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். ஒவ்வொரு வருஷமும் அப்போதுதான் ஆற்று மீன் இருக்கா என்ற போன் அதிகம் வரும், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். அந்த 61 நாளும் நாட்டுப் படகு மீனும் வளர்ப்புக் கொடுவாவும் இருக்கும், கொஞ்சம் விலை ஏறும். கடல் மடவை கிடைக்கிற அன்றைக்குப் பலகையில் எழுதிவிடுகிறேன், காலை எட்டுக்குள் வந்தால் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் மீன் கடையிலிருந்து