சீதை எதை விட்டாள்?

அன்புள்ள கோமதி,

உன் குரல் பதிவைக் கேட்டேன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்பது பெரிய ஆறுதல். ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது, மருந்து, சாப்பாடு, நடுவில் உன் வேலை எல்லாவற்றையும் ஒருத்தியாகச் சமாளிக்கிறாய், ஒரு ஆளாவது வைத்துக்கொள் என்று நான் சொன்னால் உடனே கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன், வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர வேண்டும். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது.

அப்புறம் நீ கேட்ட விஷயம். உங்கள் தெரு உபன்யாசத்தில், ராவணனின் பத்துத் தலை பத்து இந்திரியம், இலங்கை இந்த உடம்பு, சீதை ஜீவாத்மா, அனுமன் குரு என்று சொன்னார்களாம். உனக்கு அது ஒட்டவில்லை, "எல்லாமே உருவகம் என்றால் மரத்தடியில் உட்கார்ந்து அழுதது யார்?" என்று கேட்டாய். அதற்கு மேல், வந்து பார்த்த உறவினர் ஒருவர் "பெருமாளிடம் விட்டுவிடு, சீதை மாதிரிப் பொறுமையாக இரு" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்காமல் கிளம்பிப் போனார் என்றாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது, அதனால்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், அந்த உருவகம் உபன்யாசகர் கட்டியது இல்லை. வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் 'சங்கல்ப சூர்யோதயம்' என்ற தம் வடமொழி நாடகத்தில் ஒரே சுலோகத்தில் அதைச் சொல்லியிருக்கிறார். கர்வம் ஏறிய பத்து இந்திரியங்களை முகமாகக் கொண்ட மனம்தான் அரக்கன், சம்சாரக் கடல் சூழ்ந்த உடம்புதான் அவன் ஊர், அதற்குள் அகப்பட்டுத் தவிக்கும் உயிருக்கு அனுமனைப் போன்ற ஒரு குரு வந்து சேதி சொல்கிறார். நன்றாகப் பார், அதில் குரு ஜீவனைத் தூக்கிக்கொண்டு போவதாக இல்லை, உன்னைத் தேடி ஒருவர் வருகிறார் என்று சொல்ல மட்டும்தான் வருகிறார். கதையிலும் அப்படித்தானே? அனுமன் முதுகில் ஏறிக்கொள்ளச் சொல்கிறான், சீதை மாட்டேன் என்கிறாள்.

இந்த 'மாட்டேன்'தான் என்னைப் பல வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிறது. வால்மீகியின் சுந்தர காண்டம் 37-ஆம் சருக்கத்தில் (அத்தியாயத்தில்) அவள் காரணங்களை அடுக்குகிறாள்: நீ கடல் மேலே வேகமாகப் போகும்போது நான் விழுந்துவிடலாம், அரக்கர்கள் துரத்தினால் நீ சண்டை போடுவாயா என்னைக் காப்பாற்றுவாயா, நானாக விரும்பி இன்னொருவரைத் தொடமாட்டேன், ராமன் தானே வந்து ராவணனை வென்று அழைத்துப்போவதுதான் அவனுக்குத் தகும். இதில் அழுது ஓய்ந்துபோன பெண்ணின் குரலே இல்லை, யோசித்து முடிவெடுத்தவளின் குரல்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் 22-ஆம் சருக்கத்தில் ராவணனையே நேருக்கு நேர் பார்த்து, உன்னைச் சாம்பலாக்கும் தேஜஸ் என்னிடம் இருக்கிறது, ராமனின் ஆணை இல்லாததாலும் என் தவத்தைக் காக்க வேண்டியிருப்பதாலும் செய்யவில்லை என்கிறாள். கம்பன் இதை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறான் என்று உனக்குத் தெரியும், பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான்: "எல்லை நீத்த உலகங்கள் யாவும் என் சொல்லினால் சுடுவேன், அது தூயவன் வில்லின் ஆற்றற்கு மாசு என்று வீசினேன்."

வீசினேன் என்கிறாள், கோமதி. கையில் இருந்ததைத்தான் வீச முடியும்.

இன்னொரு வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாசாரியர் இதைப் பிடித்துக்கொண்டார். ராமாயணம் சொல்வது 'சிறையிருந்தவள் ஏற்றம்' (சீதையின் பெருமை), மகாபாரதம் சொல்வது 'தூது போனவன் ஏற்றம்' (கண்ணனின் பெருமை) என்று ஸ்ரீவசன பூஷணம் என்ற தம் நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். வென்றவன் பெருமை என்று சொல்லவில்லை பார். வால்மீகியும் தம் காவியத்தைச் 'சீதையின் மகத்தான சரிதம்' என்றுதானே சொல்கிறார். ஸ்ரீவசன பூஷணத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி, லோகாசாரியர் இறைவனே கதி என்று இருப்பதற்கு மூன்று பேரை எடுத்துக்காட்டுகிறார். பிராட்டி, அதாவது சீதை, தன் சக்தியை விட்டாள், திரௌபதி வெட்கத்தை விட்டாள், திருக்கண்ணமங்கையாண்டான் தன் முயற்சியை விட்டான்.

திரௌபதிதான் எனக்கு இதில் மிகவும் நெருக்கம். சபை நடுவில் சேலையை இறுகப் பிடித்திருந்த கையை எடுத்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக் கோவிந்தா என்கிறாள். அந்தக் கூப்பாட்டைக் கண்ணன் கடைசிவரை மறக்கவில்லை. உத்யோக பர்வத்தில், தூரத்தில் இருந்த என்னை அவள் கோவிந்தா என்று அழைத்தது ஏறிக்கொண்டே போகும் கடன்போல என் நெஞ்சைவிட்டு அகலவில்லை என்கிறான். விட்டவள் அவள், கடன்பட்டவன் அவன்! எல்லாம் உன் கர்மா என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற தெய்வத்தை இந்தக் கதையில் எங்கே தேடுவது? ஆண்டானின் கதை வேறு மாதிரி. தன் நாயை ஒருவன் அடித்துவிட்டான் என்பதற்காக அதன் சொந்தக்காரன் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவதைப் பார்த்து, ஒரு மனுஷனுக்கே தன் நாயின் மேல் இவ்வளவு அபிமானம் என்றால் இறைவனுக்குத் தன்னுடையவர்கள் மேல் எவ்வளவு இருக்கும் என்று, திருவாரூர் பக்கத்திலுள்ள திருக்கண்ணமங்கைக் கோயில் வாசலில் போய்க் கிடந்தவர் அவர்.

மூன்று பேரும் விட்டது அவரவரிடம் இருந்ததை, அதுவும் அவர்களாகவே விட்டார்கள். பக்கத்தில் யாரும் நின்று "விடு, விடு" என்று சொல்லவில்லை. இதனால்தான் உன் வீட்டுக்கு வந்தவர் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை. சரணாகதி என்பது ஒருத்தி தன் நெஞ்சுக்குள் எடுக்கிற முடிவு, களைத்துப் போயிருக்கும் இன்னொருத்திக்கு நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற யோசனை இல்லை.

இன்னொன்று. தனக்காக நெருப்பை ஏவ மறுத்த அதே சீதை, அனுமன் வாலில் தீ வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவுடன் என்ன செய்கிறாள்? நான் பதிவிரதை என்பது உண்மையானால், நான் தவம் செய்தது உண்மையானால், அனுமனுக்குக் குளிர்ச்சியாக இரு என்று அக்னியிடம் சொல்கிறாள், வாலில் நெருப்பு சுடவில்லை. 53-ஆம் சருக்கம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். தனக்கென்று வரும்போது தொடாத தவத்தை அவனுக்கென்று வந்ததும் கொஞ்சமும் தயங்காமல் எடுத்துச் செலவழிக்கிறாள். நீ அம்மாவுக்காக டாக்டரிடம் வாதாடுவதும் காப்பீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டுவதும் சரணாகதிக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் இந்த இடத்தைக் காட்டு.

எழுதியவர்களின் வாழ்க்கையையும்தான் பாரேன். சுல்தான் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது தள்ளாத வயதில் அந்தக் கோயில் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வெளியேறி, மதுரை யானைமலை அருகே ஜோதிஷ்குடியில் உயிரை விட்டவர் லோகாசாரியர். அதே படையெடுப்பில், ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு உரையான சுருதப்பிரகாசிகை ஓலைச்சுவடிகளையும் அதை எழுதியவரின் இரண்டு சிறு பிள்ளைகளையும் காப்பாற்றப் பிணக்குவியலுக்கு நடுவில் ராத்திரி முழுக்கக் கிடந்தார் தேசிகர் என்று ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை சொல்கிறது. விடு விடு என்று போதித்தவர்கள் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பிற்காலத்தில் நாம் வடகலை, தென்கலை என்று இரண்டு கலையாகப் பிரிந்து அவரவர் ஆசாரியர் பெயரால் சண்டை போட்டோம், அது எனக்கு எப்போதுமே வருத்தம்தான்.

நீ அடுத்து அக்னிப் பிரவேசத்தை, சீதை தீயில் இறங்கியதைக் கேட்பாய், தெரியும். அங்கே உள்ளர்த்தம் சொல்லி மழுப்ப நான் தயாராக இல்லை. ராமன் பேசியது கொடுமையான பேச்சு. ஆனால் சீதையின் பதிலை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாதாரண ஆள் ஒருவன் சாதாரணப் பெண்ணிடம் பேசுவதுபோல என்னிடம் ஏன் இப்படிப் பேசுகிறீர்கள் என்று அத்தனை வானரர், அரக்கர் முன்னால் கேட்கிறாள். அவள் ஜீவாத்மா, அவன் பரமாத்மா என்று பொருள் சொல்வதானால் இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அவனிடம் விட்ட உயிர் அவன் முகத்துக்கு நேரே நின்று நியாயம் கேட்கிறது, அவன் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான். உபன்யாசங்களில் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

உருவகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே கோமதி. அழுதது யார் என்று கேட்டாயே, அழுதது சீதைதான், ஜனகன் மகள்தான். அவள் அப்படி ரத்தமும் சதையுமாக அழுததால்தான் தேசிகருக்குத் தன் உயிரின் நிலைமையைச் சொல்ல அவள் ஞாபகம் வந்தது.

பையனைக் கோவையில் விட்டுவிட்டுத் திரும்பும்போது உன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருக்கப்போகிறேன். ராத்திரி அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு. வேண்டாம் என்று சொல்லிப் பதில் போடாதே, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் ஒத்துக்கொள்ளுமா, உப்புக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்.

அன்புடன்,
வசந்தா