செங்கல் சூளைக்குப் போகும் பிள்ளைகளின் பள்ளி வருகை: கோரிக்கை மனு

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மற்றும் பெற்றோர்கள்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: பொங்கலுக்குப் பிறகு பெற்றோருடன் செங்கல் சூளைக்குச் செல்லும் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் இருக்க ஏற்பாடு வேண்டி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் தினமும் காலையில் கரும்பலகை ஓரத்தில் ‘பதிவு’, ‘வருகை’ என்று இரண்டு எண்களை ஆசிரியர் எழுதுவார். மார்கழி வரைக்கும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் பதிவு அப்படியே நிற்கும், வருகை மளமளவென்று இறங்கிவிடும். போன தை மாதம், குழுத் தலைவியான என் மகன் வகுப்பில் எட்டுப் பேரில் ஐந்து பேர் இல்லை. யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, யாரும் மட்டம் போடவும் இல்லை. ஐந்து பேரும் அப்பா அம்மாவோடு சூளையில் இருந்தார்கள்.

பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் சூளையில் வளர்ந்தவள்தான். சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் மழைக்காலத்திலேயே சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் செலவாகிவிடும். அதைக் கழிக்க, தை பிறந்ததும் சட்டி பானையோடு லாரி ஏற வேண்டும். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம்தான் அதிகம் போகிறோம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. புருஷனும் பெண்டாட்டியுமாக விடிவதற்கு முன்பே எழுந்து கல் அறுத்தால்தான் கடன் கொஞ்சமாவது குறையும். பிள்ளை சும்மா இருக்குமா? அறுத்துப் போட்ட கல் காய்வதற்குத் திருப்பி வைக்கும், கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும். மழை பிடிக்கும் வரை வேலை இருக்கும். ஏப்ரலில் நடக்கும் ஆண்டுத் தேர்வை அந்தப் பிள்ளை பார்ப்பதில்லை. ஜூனில் பள்ளி திறந்து சில வாரம் கழித்துத்தான் வந்து சேரும், அடுத்த வகுப்பில் உட்காரும். நானும் இப்படித்தான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தேன். இன்றைக்கும் ரேஷன் கடைப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். இந்த மனுவை நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவது கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள்.

போகிற இடத்தில் சேர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் போன வருடம் அதைத்தான் செய்தாள். சூளைக்கு அருகில் இருந்த ஒரு பள்ளிக்கு மகளைக் கூட்டிப் போனாள். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளும் மறுபடி போகவில்லை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சான்றிதழ் வரத் தாமதமானால் அதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9ஆம் பிரிவும் சொல்கிறது. இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் குழுவில் சேர்ந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண், அதாவது கல்வித் துறைக் கணினிப் பதிவில் அந்தப் பிள்ளைக்கென்று உள்ள எண், இருக்கிறது. ஊரை விட்டுப் போன பிள்ளையைக் கணினியில் ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்புக்கு மாற்றினால் இன்னொரு பள்ளி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பிள்ளை இந்தச் சூளையில் இருக்கிறது என்று அந்தப் பள்ளிக்கு யாராவது சொல்ல வேண்டும்.

அதனால் நாங்கள் முதலில் கேட்பது இது. ஜனவரி 26 கிராம சபை, சரியாகப் பிள்ளைகள் கிளம்பிய பத்து நாளில் வருகிறது. அந்தக் கூட்டத்தில் பள்ளியின் வருகைக் கணக்கை வாசிக்க உத்தரவிடுங்கள். எந்தப் பிள்ளை எந்த ஊர்ச் சூளைக்குப் போயிருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும், தாத்தா பாட்டிக்குத் தெரியும், கேட்டால் சொல்வார்கள். அந்தப் பட்டியல் அதே வாரத்தில் அங்குள்ள வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும். வேறு மாவட்டம் என்பதால் உங்கள் கையெழுத்தோடு போனால்தான் அங்கே மதிப்பு இருக்கும். சூளைகள் ஊரை விட்டுத் தள்ளி இருப்பதால், தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு உள்ள வாகன வசதியை இவர்களுக்கும் தரும்படி அந்த மாவட்ட ஆட்சியர்களிடம் நீங்கள் பேச வேண்டும்.

ஒன்று, இரண்டு படிக்கும் சிறிசுகள் அம்மாவை விட்டு இருக்காது, அவர்களுக்கு இந்த வழிதான். மூன்றாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்பவர்கள் ஊரிலேயே இருந்துகொள்வார்கள். பாட்டி இருக்கிற வீடுகளில் இப்போதே அப்படிச் சில பிள்ளைகள் தங்குகிறார்கள். மதியச் சாப்பாடு முன்பே இருந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கிறது. மிச்சம் இருப்பது இரவுச் சாப்பாடும் படுக்க ஒரு பாதுகாப்பான இடமும்தான். உதவித்தொகையில் காலம் தள்ளும் பாட்டி அதற்குத்தான் தயங்குகிறார். எங்களுக்கு வருடம் முழுவதும் வேண்டாம். தை முதல் ஏப்ரல் கடைசி வரைக்கும், இரவு உணவோடு ஒரு பருவகால விடுதியை எங்கள் ஊரில் நடத்தித் தாருங்கள். சனி, ஞாயிறு சாப்பாட்டையும் அதில் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் மே மாதம் அப்பா அம்மாவிடம் போய்வரட்டும். சமைக்கவும் இரவில் துணைக்குப் படுக்கவும் எங்கள் குழுவில் உள்ள தாய்மார்கள் முன்வந்திருக்கிறார்கள்.

இருளர் குடியிருப்பில் இருந்துதான் பிள்ளைகள் அதிகம் போகிறார்கள். ஆசிரியர் வீடு தேடிப் போவதற்குள் குடிசைக் கதவு கட்டியிருக்கும். பொங்கலுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, மேஸ்திரிகள் ஊருக்குள் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். லாரி வருவதற்கு முன் ஒரு நாள், உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவரை எங்கள் ஊருக்கு அனுப்பி இந்தப் பெற்றோர்களிடம் பேசச் செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்,
உறுப்பினர்கள் மற்றும் பெற்றோர்கள்.

இணைப்பு: பெற்றோர் கையொப்பங்களும் கைநாட்டும் கொண்ட தாள்.