நாளை வில்ஃப்ரான்ஷ்: வேனில் வரும் எட்டுப் பேருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நாளை நம் சுற்றுலாக் கப்பல் பிரான்ஸின் தென்கரையில் உள்ள வில்ஃப்ரான்ஷ் ஊருக்குப் போகிறது, ஆனால் துறைமுகத்தில் அணையாது. விரிகுடா நடுவில் நங்கூரம் போடும், சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். படகு டோக்கனுக்கு 7.30 மணிக்கே சேர்ந்து நிற்போம். பிரிந்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

முதலில் எஸ் (Èze) என்ற மலைக்கிராமம். கூட்டம் வருவதற்குள் ஏறிவிட்டால்தான் அழகு. கடலுக்கு மேல் 400 மீட்டருக்கும் அதிக உயரத்தில் பாறை உச்சியில் இருக்கிறது. உள்ளே வண்டி போகாது, வழியெல்லாம் தேய்ந்து வழுவழுப்பான கல் படிகள். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். முட்டிவலி உள்ள அத்தை, சித்தப்பா பாதி வரை வந்தால் போதும், அங்கேயே உட்கார இடம் பார்க்கலாம். உச்சியில் கள்ளிச்செடித் தோட்டம், கட்டணம் உண்டு. கடல் முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான், தவறவிடாதீர்கள்.

அப்புறம் மொனாக்கோ. அரண்மனைக் காவலர் மாற்றம் 11.55க்கு.

மதியம் நீஸ் நகரின் பழைய பகுதி. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், சொக்கா கிடைக்கும். கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவார்கள். ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று இருக்கும். மிளகுத்தூள் தூவிச் சூடாகச் சாப்பிடுங்கள்.

வேன் நாமே பேசியது, கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்தது அல்ல. அதனால் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. ஆகவே கடைசிப் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே திரும்பிவிடுவோம். கப்பல் அட்டை, அடையாள அட்டை, மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். வருகிறவர்கள் இன்றிரவு 9க்குள் 'சரி' என்று போடுங்கள்.