பருவ நிறைவில் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நிறைவடைகிறது. தேர்வுகள் குறித்த காலத்தில் முடிந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றனர். அனைவருக்கும் பாராட்டுகள்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன் சிலர் நின்றுவிடுவதால், தாமதப் பதிவேட்டில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அலங்காரப் பித்து என்றே நானும் முதலில் நினைத்தேன். ஆனால் கணிதத் தேர்வன்று, நன்றாகப் படிக்கும் மாணவன் ஒருவன் மேல்கையை விரல்களால் வளைத்து அளப்பதும், முன்வரிசையில் இருந்தவனின் தோளைப் பார்ப்பதும், சட்டைக் கையை இழுத்துவிடுவதுமாகவே இருந்தான்; கடைசி இரண்டு வினாக்களை அவன் தொடவே இல்லை.

தன் உடல்மீது மனக்குறை உள்ள இளைஞரின் பார்வை கட்டுமஸ்தான உடல்களின்மீதும், தம் உடலில் தமக்குப் பிடிக்காத உறுப்புகளின்மீதும் கூடுதல் நேரம் தங்குவதைக் கண்ணசைவைப் பதிவுசெய்யும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்க்கப் பார்க்கக் குறை பெரிதாகிறது. பெரிதாக ஆக, மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. கைப்பேசியிலோ அத்தகைய படம் ஒன்றில் சற்றுத் தயங்கினாலே அதே போன்றவை வரிசைகட்டி வருகின்றன. எவ்வளவு தசை இருந்தும் போதவில்லை என வதைக்கும் கடுமையான நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப் குழுவினர் 1997இல் விவரித்தனர். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தி வெளியிடும் கையேட்டிலும் அது இடம்பெற்றது. நம் பிள்ளைகளுக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. 'பாடத்தைக் கவனி' என்ற அதட்டல் இங்கே எடுபடாது என்கிறேன்.

ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தசை வளர்க்கும் புரதப் பொடிகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்து பங்கிட்டுக்கொள்வதை இனி அனுமதிக்க இயலாது, கைப்பேசியும் அப்படியே. பிடிபட்டால் பெற்றோர் நேரில் வந்தே பெற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில்தான் வாங்கிக் கொடுத்தார்கள் என்ற விளக்கத்தை ஏற்பதற்கில்லை.

'நோஞ்சான்', 'தொப்பை' என்று வேடிக்கைக்கும் சொல்லாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன் (ஆசிரியர் அறையிலும் இச்சொற்கள் என் காதில் விழுந்ததுண்டு, அங்கும் சொல்லிவிட்டேன்). பிள்ளை சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, ஒருநாள் உடற்பயிற்சி தவறியதற்கே படபடத்தாலோ, பள்ளி ஆலோசகரிடம் தயங்காமல் பேசுங்கள். பேசியது வெளியே போகாது.

கண்ணாடி விஷயத்தை முதன்முதலில் என்னிடம் தெரிவித்தவர் ஒரு தாயார். அவருக்கும், ஆண்டு முழுதும் துணைநிற்கும் உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்