வரிவிலக்கு ஒப்பந்தம்: எந்த வரியை வாசிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இலங்கையில் முதலிட வருகிறது என்றதும் செய்தியில் இரண்டு எண்கள் வந்துவிடும்: எத்தனை கோடி டொலர், எத்தனை ஆண்டு வரிவிலக்கு. பிறகு நடக்கும் வாதமும் அந்த இரண்டைச் சுற்றித்தான். ஒரு பக்கம் ‘நாட்டை விற்கிறார்கள்’ என்பார்கள், மறுபக்கம் ‘வேலை கிடைக்கிறதே’ என்பார்கள். வரிக் கணக்கோடு நாள் முழுக்க மாரடிக்கும் எங்களுக்கு அந்த இரு எண்களும் பெரிதாகப் படுவதில்லை. நன்றாக எழுதிய பத்தாண்டு விலக்கு, ஓட்டையாக எழுதிய ஐந்தாண்டு விலக்கைவிட நாட்டுக்கு மலிவாக முடியலாம். விலக்கு எந்தத் திகதியில் தொடங்குகிறது, எந்த வருமானத்துக்கு, சகோதரக் கம்பனிக்குப் போட்ட விலைச்சிட்டையில் என்ன விலை இருக்கிறது: பணம் கசிவது இந்த மூன்று இடங்களில்.

கடைசியிலிருந்தே தொடங்குகிறோம். அது மலையகத்தாருக்குக் கைக்கெட்டும் சரக்கு.

தோட்டத் தொழிற்சாலையிலிருந்து இறங்கும் தேயிலையின் பெரும்பகுதி கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883 முதல் நடக்கும் ஏலம். எந்தத் தோட்டத்து மார்க், என்ன தரம், எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் ப்ரோக்கரின் பதிவில் இருக்கும். ஆகவே தோட்ட வாசலிலிருந்து ஏலத்தில் சுத்தியல் விழும்வரை விலையை ஒளிக்க அதிகம் இடமில்லை. இருட்டு அதற்குப் பிறகு. ஏலத்தில் வாங்கிய ஏற்றுமதிக் கம்பனி அதைக் கலந்து, பொதியிட்டு, வெளிநாட்டில் உள்ள தன் சொந்தக் கிளைக்கே விற்றால் அங்கே பேரம் பேச ஆளில்லை. இரு பக்கமும் ஒரே முதலாளிதான்.

கணக்கு விளங்குவதற்காக நாங்களே சில எண்களை வைத்துப் பார்க்கிறோம். வாங்கிய விலை, கலவை, பொதி எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 1,500 ரூபா. சம்பந்தமில்லாத ஒருவர் இதற்கு 1,800 கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். இலாபம் 300, 30% வருமான வரி 90 ரூபா. இதையே சொந்தக் கிளைக்கு 1,560 என்று சிட்டை எழுதினால் இலாபம் 60, வரி 18. இதற்குமேல், பொதியில் அச்சடித்த வர்த்தகப் பெயருக்காகக் கிலோவுக்கு 40 ரூபா உரிமைக் கட்டணம் என்று வெளிநாட்டுக்கு அனுப்பினால் இங்கே மிஞ்சும் இலாபம் 20, வரி 6. அனுப்பிய 40 ரூபாவில், அனுப்பும்போதே கழித்துக்கொள்ளும் 14% பிடித்துவைத்தல் வரி 5 ரூபா 60 சதம். ஆக, 90 ரூபா வரவேண்டிய இடத்தில் 11 ரூபா 60 சதம். பத்தாயிரம் கிலோவுக்கு ஏழு இலட்சத்து எண்பத்து நாலாயிரம் ரூபா போயிற்று. இதில் வரிவிலக்கு எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். முழு 30 வீதத்தில் வரி கட்டும் கம்பனி இது. இலாபம் மட்டும் வரி குறைந்த இன்னொரு நாட்டில் போய்க் குந்திக்கொண்டது.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 76ஆம், 77ஆம் பிரிவுகள், தொடர்புடைய கம்பனிகள் தமக்குள் விற்றாலும் அந்நியருக்கு விற்கும் விலையையே வைக்க வேண்டும் என்கின்றன. உலகில் பல பொருள்களுக்கு அந்த ‘அந்நியர் விலை’யைக் கண்டுபிடிப்பதே பெரும் பாடு. எங்களிடம் ஏல விலை தயாராகக் கிடக்கிறது. பிறகு ஏன் பிடிபடுவதில்லை? காரணம் பிளெண்ட் சீற்றில், அதாவது எந்தத் தேயிலை எவ்வளவு கலந்தது என்ற கலவைத் தாளில், இருக்கிறது. ஒரு பொதித் தேயிலைக்குள் ஒரு டசின் இன்வாய்ஸ்கூட (ஏலத்தில் தனித்தனியாக விலைபோன தேயிலைத் தொகுதிகள்) இருக்கலாம். நுவரெலியாவின் பிஓபி என்ற இலைத் தரமும் தாழ்நிலத்தின் டஸ்ற் என்ற தூள் தரமும் ஒன்றாகக் கலந்திருக்கும். அதிகாரி ஏலத்தின் வாரச் சராசரியை எடுத்து ‘விலை குறைவு’ என்றால், கம்பனி ‘எங்கள் கலவையில் பாதி மலிவுத் தேயிலை’ என்று சொல்லிவிடும். எந்த இன்வாய்ஸ் எத்தனை கிலோ கலந்தது என்ற தாள் கையில் இல்லாவிட்டால் விசாரணை அங்கேயே படுத்துவிடும். பிளெண்ட் சீற், ப்ரோக்கரின் விற்பனைக் கணக்கு, சுங்கத்துக்குக் கொடுத்த கஸ்டெக் என்ற ஏற்றுமதிப் பிரகடனத்தில் உள்ள எஃப்ஓபி பெறுமதி (கப்பலில் ஏற்றும்வரையான விலை), இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால்தான் கதை வெளிவரும். சுங்கத்துக்கோ இதில் பெரிய அக்கறை வர வழியில்லை. தேயிலை ஏற்றுமதிக்கான செஸ் வரி கிலோக் கணக்கில் அறவிடப்படுவது. சிட்டையில் விலை கூடினாலும் குறைந்தாலும் செஸ் அதேதான்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் பிடிபட்ட பெரிய விவகாரங்கள் பலவற்றில் அரசு கொடுத்தது வரிவிலக்கே அல்ல. ‘நீங்கள் இப்படி விலை போட்டால் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்’ என்ற ஒரு கடிதம். லக்சம்பர்க்கில் 300க்கும் மேற்பட்ட கம்பனிகள் பெற்ற அத்தகைய கடிதங்கள் 2014 நவம்பரில் வெளியே கசிந்தன. நெதர்லாந்து ஸ்டார்பக்ஸுக்கு 2008இல் கொடுத்தது அப்படிப்பட்ட இணக்கம். அங்கே கோப்பி வறுக்கும் கம்பனி, பச்சைக் கொட்டையைச் சுவிஸ் சகோதரக் கம்பனியிடம் கூடிய விலைக்கு வாங்கியது, வறுக்கும் பக்குவத்துக்காகப் பிரித்தானியாவில் இருந்த இன்னொரு சொந்த நிறுவனத்துக்கு உரிமைக் கட்டணம் கட்டியது என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2015இல் தீர்மானித்து, 2 முதல் 3 கோடி யூரோ வரை அறவிடச் சொன்னது. 2019இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை ரத்துச் செய்தது. நெதர்லாந்து தனிச் சலுகை கொடுத்தது என்பதை ஆணைக்குழு நிரூபிக்கவில்லை என்பது காரணம். விலையை நிரூபிப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. (தேயிலைக்கு முன் இந்த மலைகளும் கோப்பி மலைகள்தான். இலைநோய் வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே கோப்பிக் கொட்டையைப் பற்றியதாக இருந்திருக்கும்.)

அயர்லாந்து, ஆப்பிள் கதை இன்னும் விசித்திரம். 1991இலும் 2007இலும் கொடுத்த இரு இணக்கங்களின்படி இலாபத்தின் பெரும்பகுதி, ஊழியரோ கட்டடமோ இல்லாத, தாளில் மட்டும் இருந்த ஒரு ‘தலைமையகத்துக்கு’ ஒதுக்கப்பட்டது. 2014இல் ஆப்பிளின் ஒரு கிளைக் கம்பனி கட்டிய வரி 0.005% என்று ஆணைக்குழு கணக்கிட்டது. பத்து இலட்சம் யூரோ இலாபத்துக்கு 50 யூரோ. 1,300 கோடி யூரோவைத் திருப்பி வாங்குங்கள் என்று 2016இல் உத்தரவிட்டபோது, வாங்க வேண்டிய அயர்லாந்து அரசே ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று வழக்குக்குப் போனது. 2024 செப்டெம்பர் 10இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணைக்குழுவின் பக்கம் இறுதித் தீர்ப்புச் சொன்னது.

இலங்கையில் வரிவிலக்குக்கான கதவுகள் மூன்று. 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ் முதலீட்டுச் சபை செய்யும் ஒப்பந்தம் முதலாவது. பல்லேகலைக் கைத்தொழில் வலயத்தில் உள்ளவை போன்ற தொழிற்சாலைகளுக்குப் பழக்கமான கதவு அது. 25 ஆண்டுவரை விலக்குக்கு இடம் வைத்து இயற்றிய 2008ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டங்கள் சட்டம் இரண்டாவது. மூன்றாவது, 40 ஆண்டுவரை போகும்படி இயற்றிய 2021ஆம் ஆண்டின் துறைமுக நகரச் சட்டம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்குங்கள், அல்லது வெளிப்படையான மதிப்பீட்டு முறை வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று சர்வதேச நாணய நிதியம் 2023 செப்டெம்பர் ஆளுகை அறிக்கையில் பரிந்துரைத்தது. முதலீட்டுச் சபை ஊடாக விலக்குப் பெறும் கம்பனிகளின் பட்டியலையும் விலக்கின் பெறுமதியையும் இணையத்தில் போடச் சொன்னதும் அதே அறிக்கைதான்.

எந்தக் கதவால் வந்தாலும் பார்க்க வேண்டிய வாசகம் முதலில் தொடக்கத் திகதி. முதலீட்டுச் சபை ஒப்பந்தங்களில் வழமையாக வந்த வாசகம் இது: கம்பனி முதன்முதலில் இலாபம் காணும் ஆண்டு, அல்லது வர்த்தக நடவடிக்கை தொடங்கி இரண்டு ஆண்டு, இதில் எது முந்தியதோ அது. ‘எது முந்தியதோ’ என்ற சொல்தான் முழு ஒப்பந்தத்தின் அச்சாணி. அதை எடுத்துவிட்டு ‘இலாபம் காணும் ஆண்டு’ என்று மட்டும் எழுதினால், மேலே சொன்ன விலைச்சிட்டை வித்தையால் வருடாவருடம் நட்டம் காட்டலாம். விலக்கு தொடங்கவே தொடங்காது, அதனால் முடியவும் முடியாது. நட்டக் கணக்கோ சேர்ந்துகொண்டே போகும்.

அடுத்து, ஏற்கெனவே உள்ள தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவாக்கியதாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனை. அது இல்லாத இடத்தில், விலக்கு முடிந்த மறுநாள் அதே கட்டடத்தில் அதே இயந்திரம் புதுப் பெயர்ப்பலகையோடு ஓடும். விலக்கு உள்ள கம்பனியும் இல்லாத கம்பனியும் ஒரே குழுமத்தில் இருந்தால் செலவைப் பங்கிடும் முறையையும் பார்க்க வேண்டும். செலவெல்லாம் வரி கட்டும் கம்பனியில் ஏறும், வருமானமெல்லாம் விலக்குள்ளதில் இறங்கும். மின்பட்டியல் யார் பெயரில் வருகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

புதிதாக ஒரு சங்கதி சேர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு 75 கோடி யூரோவுக்கு மேல் புரள்வுள்ள குழுமங்கள் எங்கே உழைத்தாலும் குறைந்தது 15% வரி கட்ட வேண்டும் என்று 2021 அக்டோபரில் 136 நாடுகள் இணங்கின. இலங்கை, பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நான்கும் அன்று இணங்கவில்லை. இணங்காவிட்டாலும் விளைவு வந்து சேரும். நாம் பூச்சியம் அறவிட்டால், தாய்க் கம்பனி இருக்கும் நாடு அந்த 15 வீதத்தைத் தானே அறவிட்டுக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பல 2024 முதல் அதைத் தொடங்கிவிட்டன. அமெரிக்கக் குழுமங்களை இதிலிருந்து விலக்க 2025 ஜூனில் ஜி7 நாடுகள் இணங்கியதால், தாய்க் கம்பனி எந்த நாடு என்பதையும் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஐரோப்பியக் குழுமம் ஒன்றுக்கு 25 ஆண்டு பூச்சிய வரி கொடுத்தால், விட்டுக்கொடுத்த பணம் கம்பனிக்கும் முழுதாக நிற்காது, பதுளைக்கும் வராது, இன்னொரு திறைசேரிக்குப் போகும். இங்கே சவர்க்காரக் கட்டிக்கும் 18% வற் கட்டுகிறோம்.

ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெற வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் முதலீட்டுச் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ‘எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் மறுப்பது சுலபம். கம்பனியின் பெயரும் ஆண்டும் இட்டு, மூல ஒப்பந்தம், பிறகு செய்த திருத்தங்கள், விலக்குத் தொடங்கிய திகதி, வாக்களித்த வேலைவாய்ப்பும் இப்போதுள்ளதும், விலக்கால் இழந்த வரியின் மதிப்பீடு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். ‘வர்த்தக இரகசியம்’ என்று 5ஆம் பிரிவைக் காட்டினால், பொதுநலன் மேலோங்கினால் மறுக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்வதையும், இரகசியமான பகுதியை மறைத்து மிச்சத்தைத் தர வேண்டும் என்ற 6ஆம் பிரிவையும் காட்டி, 14 நாளுக்குள் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தையும் அது வந்த உறையையும் பத்திரமாக வையுங்கள். 14 நாள் எப்போது தொடங்கியது என்ற தகராறில் தபால் முத்திரைதான் பேசும்.

இப்படிக்கு,
வரிக் கணக்காளர்கள் இருவர்,
ஹற்றன்