நடைக்கு முன் ஒரு வேண்டுகோள்: பெற்றோர் பணப்பையை மூடி வைக்கவும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் தாத்தா, ஆயாக்களுக்கும் வணக்கம்.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் ஆங்கிலப் பிரதி இருக்கிறது. அவசரப்பட்டுத் திருப்பிவிடாதீர்கள். முதலில் இந்தப் பக்கத்தை உங்கள் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்து முடித்தால் ஐம்பது சென்ட். 'ழ' சரியாக வந்தால் ஒரு ராண்ட். காசு பிள்ளையின் கைக்கு அல்ல, வகுப்பு உண்டியலுக்கு. இந்த வருட நடைப்பயண வசூலின் முதல் வரவு இதுவாக இருக்கட்டும்.

ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் எட்டு வகுப்புகளும் டர்பன் கடற்கரை நடைபாதையில் நடக்கின்றன. யூஷாகா முனையில் தொடங்கி ப்ளூ லகூன் பக்கமாக 67 நிமிடம். மண்டேலா பொதுவாழ்வுக்குக் கொடுத்த 67 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். சேரும் பணத்தில், சாட்ஸ்வொர்த்தில் நம் பிள்ளைகள் தீபாவளிக்குப் பலகாரம் எடுத்துப் போகும் முதியோர் இல்லத்துக்குச் சக்கர நாற்காலிகள் வாங்குகிறோம். போன தீபாவளியன்று அங்கே ஒரு நாற்காலியை இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு பயன்படுத்தினார்கள். ஓர் ஆயா முற்றத்து வெயிலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் வரை இன்னோர் ஆயா கட்டிலிலேயே தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த யோசனையைச் சொன்னார்கள்.

போன வருட நடையில் நான் செய்த ஒரு தவறை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு வசூல் தாள் கொடுத்தேன். ஒரு பையன் ஒரே கையெழுத்தோடு 2,000 ராண்ட் கொண்டுவந்தான். அப்பாவின் அலுவலகப் பணம். நடைக்கு அவன் வரவில்லை, கிரிக்கெட் பயிற்சி இருந்ததாம். ஒரு சிறுமி ஐந்து வீடுகளில் ஏறி இறங்கி 20 ராண்ட் சேர்த்திருந்தாள். அந்தத் தாளை எட்டாக மடித்துப் பென்சில் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள், கேட்ட பிறகுதான் எடுத்துக் கொடுத்தாள். முழுத் தூரமும் நடந்தவள் அவள். அதிக வசூல் பரிசை மேடையில் அந்தப் பையனுக்கு என் கையாலேயே கொடுத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே இந்த வருடம் தனித்தாள் இல்லை, பரிசும் இல்லை. பிரியாணி டிக்கெட்டும் இல்லை. எதற்கெடுத்தாலும் பிரியாணி அண்டாவை அடுப்பில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். டிக்கெட்டை விற்பதும் நாம், வாங்குவதும் நாம். விடியற்காலை மூன்று மணிக்கு வெங்காயம் உரித்துக் கண் சிவந்த அம்மாக்களே மறுபடி தங்கள் பொட்டலத்துக்கும் பணம் கொடுக்கிறார்கள். ஆட்டுக்கறிக் கடைக்கும் எரிவாயுவுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது சொற்பம். (பருப்புப் போடாத பிரியாணி பிரியாணியே அல்ல என்ற என் கொள்கையில் மாற்றமில்லை. அது வேறு விஷயம்.)

இம்முறை பிள்ளைகள் விற்கப்போவது நிமிடங்களை. ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் 67 கட்டங்கள் போட்ட அட்டை தொங்கும். கட்டம் ஒன்றுக்கு ஐந்து ராண்ட். வாங்குபவர் தமக்கு வேண்டிய ஒருவரின் பெயரைச் சொன்னால் பிள்ளை அதைத் தமிழில் அந்தக் கட்டத்தில் எழுதுவான். நடக்கும்போது அந்த நிமிடத்தில் வகுப்பே அந்தப் பெயரைச் சொல்லும். அட்டை நிறைந்தால் வகுப்புக்கு 335 ராண்ட், எட்டு வகுப்புக்கும் 2,680. ஒருவருக்கு இரண்டு கட்டங்களுக்கு மேல் விற்பதில்லை. ஓர் அட்டை முழுவதையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று போன சனிக்கிழமையே ஒருவர் வந்தார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பெயர் மேசை. ஆடி மாதக் கூழ் ஊற்றும் நாள்களில் கோயில் வாசலில் பிள்ளைகள் மேசை போடுவார்கள். கோயில் குழு சம்மதித்துவிட்டது. பத்து ராண்ட் கொடுத்தால் உங்கள் பெயரைத் தடித்த அட்டையில் தமிழில் எழுதித் தருவார்கள். போன ஆடியில் ஒரு நாள் ஒத்திகை பார்த்தோம். கூழ்ச் செம்பும் கையுமாக ஒரு பெரியவர் வந்து, "கோவெண்டர், எழுது" என்றார். ஒலிக்கிறபடி எழுதவா, கவுண்டர் என்று எழுதவா என்று பையன் கேட்டான். பெரியவர் செம்பைக் கீழே வைத்தார். "என் தாத்தா எப்படி எழுதியிருப்பார்?" என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு இருபது ராண்ட் கொடுத்துவிட்டுப் போனார். மூட்லி என்ற குடும்பப் பெயருக்குள் முதலியும் நாய்க்கர் என்பதற்குள் நாயக்கரும் இருப்பதைப் பிள்ளைகள் அன்று கண்டுகொண்ட மாதிரி என் எந்தப் பாடத்திலும் கண்டுகொண்டதில்லை.

நடை முடிந்ததும் கேக்கும் குளிர்பானமும் கிடையாது. 1913 நவம்பர் 6 அன்று சார்ல்ஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி காந்தியோடு நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கிய இந்தியர்கள்மேல் போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலையை விட்டு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்களில் மிகப் பலர். நம் தமிழர்களும் திரளாக இருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் படி ஒன்றரைப் பவுண்டு ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சீனியும். நாமும் அன்று ரொட்டியும் சீனியும்தான் சாப்பிடப் போகிறோம், கூடவே சூடான தேநீர். தின்பண்டத்துக்குப் போன முறை செலவான ஏறக்குறைய ஆயிரம் ராண்ட் இந்த முறை நாற்காலிக் கணக்கில் சேரும். அந்த 57 குழந்தைகளைப் பற்றி நடைக்கு முந்தைய சனிக்கிழமை வகுப்பில் பேசுவோம்.

சின்னச் சின்ன வழிகளும் உண்டு. பாட நேரத்தில் ஆங்கிலம் பேசும் ஆசிரியருக்கு இரண்டு ராண்ட் அபராதம். என் பெயரில் இதுவரை பதினான்கு ராண்ட் ஏறியிருக்கிறது. ரொட்டிப் பையின் வாயை மூடும் பிளாஸ்டிக் துண்டுகளையும் பாட்டில் மூடிகளையும் தூக்கிப் போடாமல் கொடுத்தனுப்புங்கள். அவற்றைச் சேர்த்துச் சக்கர நாற்காலி வாங்கித் தரும் அமைப்புகள் இந்த நாட்டில் இருக்கின்றன. ஒரு நாற்காலிக்கு மலைபோல் சேர வேண்டும், ஆனால் ரொட்டி வாங்காத வீடு எது?

சில கண்டிப்புகள். ரோபோ (போக்குவரத்து சிக்னல்) விளக்கருகில் நின்று உண்டியல் குலுக்கக் கூடாது. பெரியவர் துணையில்லாமல் எந்தப் பிள்ளையும் வீடு வீடாகப் போகக் கூடாது. குலுக்கல் சீட்டு வேண்டாம். அதற்கு லாட்டரிச் சட்டத்தின் விதிகள் இருக்கின்றன, அந்த வம்பு நமக்கு எதற்கு? உங்கள் நிறுவனம் பெரிய தொகை கொடுக்க விரும்பினால் மிகுந்த மகிழ்ச்சி, நேரே இல்லத்தின் அலுவலகத்தில் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புதான் வரிக்கழிவுக்கான ரசீது தர முடியும். நம் பள்ளியால் முடியாது.

வகுப்பு உண்டியல்களை நடைக்கு முந்தைய சனிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் திறந்து எண்ணுவோம். எண்ணுவது ஐந்தாம் வகுப்பு. தமிழில்தான் எண்ண வேண்டும், 'தொண்ணூற்றொன்பது' வரும்போது யாரும் சிரிக்கக் கூடாது. ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பஸ் புறப்படும். ஜூலைக் கடல்காற்று காலையில் சில்லென்று இருக்கும், ஸ்வெட்டரும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தனுப்புங்கள். நடக்க முடியாத தாத்தா, ஆயாக்கள் புறப்படும் இடத்திலேயே நாற்காலி போட்டு உட்காரலாம். நிமிடம் எண்ண எங்களுக்கு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: உண்டியலுக்குக் காலி பால்மாவு டின் போதும். இரண்டாம் வகுப்பில் மட்டும் இன்னும் மூன்று டின் தேவைப்படுகிறது. கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்பவும்; போன முறை எறும்பு வந்துவிட்டது.